காடு வெட்டிய காணி, குறிசுட்ட பட்டி: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பல ஒரே விடயத்தைச் சுற்றியவை. வன்னியில் வந்து குடியேறிய குடும்பம் தன் வளவு, வயல், மாட்டுப்பட்டி ஆகியவற்றின் வரலாற்றை எப்படித் தேடுவது, எப்படி எழுதுவது? பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

எங்கள் அப்பப்பா வடமராட்சியிலிருந்து வந்து வட்டக்கச்சியில் காணி திருத்தியவர். 2009இல் இடம்பெயர்ந்தபோது பெமிற் (அரசகாணி அனுமதிப்பத்திரம்) உட்பட எல்லாத் தாள்களும் போய்விட்டன. எந்த ஆண்டு வந்தார், எவ்வளவு காணி கிடைத்தது என்று சரியாக எழுத வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?
*வாசகர், வட்டக்கச்சி*

கச்சேரியிலிருந்து (மாவட்டச் செயலகத்திலிருந்து) தொடங்காதீர்கள். அப்பப்பாவின் பிள்ளைகள் எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ்களையும் எடுத்து வயது வரிசைப்படி அடுக்குங்கள். பிறந்த இடம் எந்தப் பிள்ளையோடு வன்னிக்கு மாறுகிறதோ அதை ஒட்டித்தான் குடும்பம் வந்திருக்கும். இதில் ஒரு சறுக்கல் உண்டு. பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போவது வழக்கமாகையால், வட்டக்கச்சியில் வாழ்ந்துகொண்டே பருத்தித்துறையில் பிள்ளை பிறந்திருக்கலாம். அதனால் பிறந்த இடத்தை மட்டும் பார்க்காமல், பிறப்பை அறிவித்தவரின் வதிவிடம் எழுதப்பட்ட கூட்டையும் பாருங்கள்.

அடுத்தது பள்ளிக்கூடத்துச் சேர்விடாப்பு. பிள்ளை சேர்ந்த திகதி, தகப்பனின் பெயர், முன்பு படித்த பள்ளிக்கூடம் மூன்றும் ஒரே வரியில் இருக்கும். வன்னியில் பல பள்ளிக்கூடங்களின் இடாப்புகள் போரில் அழிந்தன. ஆனால் பிள்ளை விட்டுவந்த வடமராட்சிப் பள்ளிக்கூடத்தின் இடாப்பில் விலகிய திகதி இருக்கக்கூடும். இரண்டில் ஒன்று கிடைத்தாலே போதும்.

இவ்வளவும் கையில் வந்த பிறகு பிரதேச செயலகத்துக்குப் போங்கள். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர்களின் விபரம் காணிப் பேரேட்டில் பதியப்பட்டிருக்க வேண்டும். பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் கிடைக்காது. முழுப்பெயர், தகப்பன் பெயர், திட்டத்தின் பெயர், துண்டு இலக்கம், நான்கு பக்கத்து எல்லைக்காரர்களின் பெயர் என்று எழுதிக் கொடுங்கள். துண்டு இலக்கம் தெரியாவிட்டால் எல்லைக்காரரின் பெமிற்றைப் பாருங்கள். அவருடைய ஓர் எல்லையாக உங்கள் அப்பப்பாவின் பெயரோ இலக்கமோ நிற்கும். எழுத்தில் கேட்டும் பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதே செயலகத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் தன் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும்.

பலர் இங்கே தேடுகிற அலுவலகத்தையே பிழையாகப் பிடிக்கிறார்கள். கிளிநொச்சி 1984 வரைக்கும் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதி. அதற்கு முந்தின கடிதப் போக்குவரத்து யாழ்ப்பாணக் கச்சேரிக்குரியது. முல்லைத்தீவு 1978இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முந்தியதைத் தேடுவோர் பெரும்பாலும் வவுனியாப் பக்கம் போகவேண்டும். பழைய தாள்களில் கையெழுத்து வைத்தவரின் பதவியும் காலத்தைக் காட்டும். விதானையார் என்றிருந்தால் 1963க்கு முந்தியது, கிராமசேவகர் என்றிருந்தால் பிந்தியது.

காணியின் அளவில் மிகக் கவனம் வேண்டும். பழைய தாள்களில் ஏக்கர், றூட், பேர்ச் என்று மூன்று எண்கள் இருக்கும். 2-1-20 என்பது 2.12 ஏக்கர் அல்ல. 4 றூட் ஓர் ஏக்கர், 40 பேர்ச் ஒரு றூட். ஆகவே அது 2.375 ஏக்கர், ஏறக்குறைய 0.96 ஹெக்டேயர். குடாநாட்டிலிருந்து வந்தவர்கள் வாய்ப்பேச்சில் பரப்புக் கணக்கே சொல்வார்கள். 16 பரப்பு ஓர் ஏக்கர். "மேட்டுக்காணி 48 பரப்பு" என்று கிழவர் சொன்னால் அது 3 ஏக்கர். தொடக்கக் காலக் குடியேற்றத் திட்டங்கள் பலவற்றில் 5 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுக்காணியும் கொடுத்தார்கள். 1950களில் அது குறைக்கப்பட்டது. கிடைத்த அளவைக்கொண்டு நீங்கள் எந்தக் காலத்துத் திட்டம் என்று ஓரளவு ஊகிக்கலாம், முடிவு செய்ய முடியாது. படித்த வாலிபர் திட்டம், மத்தியதர வகுப்பினர் திட்டம், கிராம விஸ்தரிப்பு ஆகியவற்றுக்கு அளவுகள் வேறு.

"காடு வெட்டினார்" என்பதையும் விசாரித்தே எழுதுங்கள். முழு உதவியுடன் நடந்த திட்டங்களில் பெருமரங்களை அரசாங்கமே வீழ்த்தி வீடும் கட்டிக் கொடுத்தது. குடியேறியவர் கட்டை பிடுங்கி, வரம்பு போட்டு, நிலத்தை மட்டம் செய்தார். கிராம விஸ்தரிப்புக் காணியில் கோடரி போட்டதே குடும்பம்தான். இரண்டும் கடுமையான உழைப்பு. எது நடந்ததோ அதை எழுதுங்கள்.

அம்மம்மாவுக்கு 88 வயது. நல்ல நினைவு, ஆனால் ஆண்டு ஒன்றும் சொல்ல வராது. எப்படிக் கேட்பது?
*வாசகி, முழங்காவில்*

ஆண்டைக் கேட்காதீர்கள். "கிணறு வெட்டும்போது மூத்தவர் நடந்தாரா, தவழ்ந்தாரா?" என்று கேளுங்கள். உடனே பதில் வரும்; மூத்தவரின் பிறந்த திகதி உங்களிடம் இருக்கிறது.

பிறகு ஊருக்கே தெரிந்த நிகழ்ச்சிகளை முன்னுக்கும் பின்னுக்கும் வைத்துக் கேளுங்கள். 1958 கலவரம், 1964 டிசம்பர்ப் புயல், 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை வந்த காலம், 1977 கலவரம், 1987இல் இந்திய இராணுவம் வந்தது, 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வுக்குப் பின் யாழ்ப்பாணத்துச் சனம் வன்னிக்கு வந்தது. "ஓட்டுவீடு கட்டினது மிளகாய்க் காசிலா?" என்ற ஒரு கேள்வி, வீட்டின் காலத்தோடு அதற்கான காசு வந்த வழியையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

ஒரு தடவையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். கைபேசியில் பதியும்போது முதலில் திகதியையும் இடத்தையும் நீங்களே சொல்லிவிடுங்கள். பதிவை அன்றைக்கே இன்னோர் இடத்திலும் பிரதி வைத்துவிடுங்கள். கைபேசி தொலைந்தால் அந்தக் குரலும் தொலைந்துவிடும்.

எங்கள் பெற்றோர் 1977க்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து தருமபுரம் பக்கம் குடியேறினார்கள். 1990க்கு முந்திய காணித் தாள் ஒன்றுமே இல்லை. எங்கள் குடும்பத்துக்கு ஆதாரத்தோடு வரலாறு எழுத முடியுமா?
*வாசகர், தருமபுரம்*

முடியும். தாள் இல்லாமற் போனதற்கே ஒரு காரணம் இருக்கிறது, அதையும் வரலாற்றில் எழுதவேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்ரோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று ஆட்களைப் பங்கிட்டது. குடியுரிமை இல்லாதவருக்கு அரசகாணிப் பெமிற் கிடையாது. ஆகவே உங்கள் பெற்றோரைப் போன்றவர்கள் காட்டோரத்தில் அனுமதியின்றிக் குடியிருந்தார்கள், அல்லது வேறொருவரின் தோட்டத்தில் கூலிக்கு நின்று ஒரு மூலையில் குடிசை போட்டார்கள். நிலத்தைத் திருத்தியவர் ஒருவர், பெமிற்றில் இருப்பவர் இன்னொருவர் என்ற நிலை வன்னியில் பல ஊர்களில் உண்டு. எஞ்சியிருந்தவர்களின் குடியுரிமை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் தீர்ந்தது.

உங்கள் ஆதாரம் தோட்டத்தில் இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி வந்தது. அப்பாவோ அம்மாவோ தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்திருந்தால், எந்தத் தோட்டம், எந்த மாதம் வரை பணம் கட்டப்பட்டது என்பது அந்தக் கணக்கில் இருக்கும். கடைசியாகப் பணம் கட்டிய மாதமே அவர்கள் புறப்பட்ட காலத்துக்கு மிகக் கிட்டிய சான்று. தோட்டத்துப் பிறப்புப் பதிவு, தொழிற்சங்கச் சந்தாச் சீட்டு, குடியுரிமை விண்ணப்பத்துக்கு வந்த பதில், அரிசிக் கூப்பன் புத்தகம் எல்லாம் சேர்த்தி. தோட்டத்தின் பெயரோடு டிவிசனின் பெயரையும் எழுதுங்கள். ஒரு தோட்டத்துக்குள் பல டிவிசன்கள் இருக்கும். அவர்கள் இருந்த லயத்தை (தொழிலாளர் வரிசைவீட்டை) கண்டுபிடிக்க அது வேண்டும்.

வன்னிப் பக்கத்தில், வவுனியாவை மையமாக வைத்து இயங்கிய காந்தியம் அமைப்பு அந்த ஆண்டுகளில் அகதிக் குடும்பங்களைக் குடியமர்த்தியது. 1983 ஏப்ரலில் அதன் பொறுப்பாளர்கள் கைதானதோடு வேலைகள் முடங்கின. உங்கள் கிராமம் அவர்கள் வழியாக வந்ததா, உறவினர் வழியாகவா, தாமாகவே வந்து இருந்ததா என்று மூத்தவர்கள் இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியே கேளுங்கள். எல்லோரையும் ஒரே இடத்தில் இருத்திக் கேட்டால் முதலில் பேசியவரின் கதையே எல்லோருடைய கதையுமாகிவிடும்.

அப்பாவிடம் 200 மாடு நின்ற பட்டி இருந்ததென்று சொல்வார்கள். இப்போது மிஞ்சியிருப்பது மாட்டுக்குக் குறிசுடும் ஒரு குறிக்கம்பியும் மாடு கைமாறியபோது எழுதிய கொஞ்சம் மாட்டுச் சீட்டுகளும்தான். இதிலிருந்து என்ன எழுதலாம்?
*வாசகர், ஒட்டுசுட்டான்*

நிறைய எழுதலாம். பட்டிக்காரக் குடும்பங்களின் வரலாறுதான் வன்னியில் மிகக் குறைவாக எழுதப்பட்டிருக்கிறது. வயலுக்குப் பெமிற் உண்டு. மாடு மேய்ந்த காட்டுக்கு எந்தத் தாளும் இல்லை.

குறிக்கம்பியை முதலில் எடுங்கள். துருவைக் கம்பித் தூரிகையால் மெல்லத் தட்டுங்கள். அரத்தால் ராவ வேண்டாம், எழுத்தின் விளிம்பு போய்விடும். கம்பியின் முகத்தில் எழுத்து இடவலம் மாறியிருக்கும். விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்து முகத்தில் பூசித் தடித்த தாளில் அழுத்தினால், மாட்டின் தோலில் தெரிந்த மாதிரியே நேராக விழும். பக்கத்தில் அடிமட்டத்தை வைத்துப் படமெடுத்து, எழுத்தின் உயரத்தையும் கம்பியின் நீளத்தையும் குறியுங்கள். அந்த எழுத்து அப்பாவின் பெயரா, அவருடைய தகப்பனின் பெயரா என்பதை உறுதி செய்யுங்கள். மகன் தகப்பனின் குறியையே தொடர்ந்து சுட்டிருந்தால் பட்டி ஒரு தலைமுறை பழையது.

பழைய படங்களில் குறியின் அளவு மாட்டுக்கு மாடு வேறுபடுவதைப் பார்த்து வேறு வேறு கம்பி என்று நினைக்காதீர்கள். கன்றில் சுட்ட குறி மாடு வளர வளரத் தோலோடு விரியும். கம்பி சிவக்கக் காய்ந்திருந்தால் தோல் வெந்து எழுத்து அப்பிவிடும். சாம்பல் நிறத்துக்கு வந்த பிறகு வைத்தால் கோடு தெளிவாக நிற்கும். அப்பிய குறியை ஆளுக்கொரு எழுத்தாக வாசிக்கலாம் என்பதால் உரிமைப் பிணக்குகளும் அங்கேதான் வந்தன. ஒரு மாட்டில் இரண்டு குறி இருந்தால் அது பெரும்பாலும் விலைக்கு வாங்கியது. ஒரு குறி மட்டுமென்றால் பட்டியில் பிறந்ததாக இருக்கும்.

குறிசுடுதலும் மாடு கைமாறுவதும் 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டத்துக்குள் வருபவை. சீட்டுகளைத் திகதி வரிசையில் அடுக்கி, நிறம், நாம்பனா (காளையா) பசுவா, குறி, விற்றவரின் ஊர், வாங்கியவரின் ஊர் என்று அட்டவணை போடுங்கள். நாம்பன்கள் தொடர்ந்து விற்பட்டிருந்தால் அது சாதாரண வரும்படி. ஓர் ஆண்டில் பசுக்களும் நாகுகளும் (கன்று ஈனாத இளம்பசுக்களும்) கூட்டமாக விற்பட்டிருந்தால் குடும்பத்துக்கு ஏதோ நெருக்கடி: வரட்சி, நோய், கலியாணம், இடப்பெயர்வு. அந்த ஆண்டைப் பிடித்துக்கொண்டு வீட்டாரிடம் கேளுங்கள்.

200 என்ற எண்ணை அப்படியே எழுதாதீர்கள். அயலவர் ஒப்படைத்த மாடுகளும் ஒரே பட்டியில் நின்றிருக்கும். "காலையில் எத்தனை பசு கறந்தீர்கள், எத்தனை போத்தல் பால் வந்தது?" என்று கறந்தவரிடம் கேளுங்கள். காட்டுமேய்ச்சலில் நிற்கும் ஊர்ப்பசு, கன்றுக்கு விட்டதுபோக நாளொன்றுக்கு ஒன்று, ஒன்றரை லீற்றர்தான் தரும். அந்தக் கணக்கிலிருந்து பட்டியின் உண்மையான அளவுக்குக் கிட்ட வரலாம்.

கடைசியாக ஒரு படம் கீறுங்கள். காலபோகத்தில் வயல் விதைத்தவுடன் மாடுகள் எந்தக் காட்டுக்குப் போயின, எந்தக் குளத்தில் தண்ணீர் குடித்தன, அறுவடை முடிந்து எந்த வயல் வெளியில் அறுத்த நெல்லின் அடித்தாள் மேய்ந்தன, இரவில் பட்டி எங்கே அடைத்தார்கள்? பழைய பட்டி நின்ற இடத்தில் மண் கறுத்து, சுற்றியுள்ள நிலத்தைவிடப் பொதுபொதுவென்று இருக்கும். பட்டி பெயர்ந்த பின் அங்கே மிளகாயோ புகையிலையோ நட்டிருப்பார்கள், எருவுக்காக. ஒரு அங்குலம் ஒரு மைல் அளவிலான பழைய நில அளவைப் படத்தில் சிறுகுளங்களின் பெயர்கள் இருக்கின்றன. அதன் பிரதியில் இந்த வழியைக் குறித்துவிட்டால், இன்றைக்கு மேய்ச்சல்தரை கேட்டு நிற்பவர்களுக்கும் அது உதவும்.

கனடாவில் குடியேறியவர்களுக்கு 160 ஏக்கர் இனாமாகக் கொடுத்தார்களாம். நம் வன்னிக் குடியேற்றமும் அதுபோன்றதுதானா?
*வாசகர், ரொறன்ரோ*

மேலோட்டமாக ஒற்றுமை உண்டு. அமெரிக்காவின் 1862ஆம் ஆண்டுச் சட்டம் 160 ஏக்கரை, 5 ஆண்டு குடியிருந்து பயிர்செய்தால் சொந்தமாக்கியது. கனடாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டம் 10 டொலர் கட்டணத்துக்கு அதே 160 ஏக்கரைக் கொடுத்தது. அங்கே உறுதி கிடைத்த பிறகு காணியை விற்கலாம், ஈடு வைக்கலாம். வன்னியில் பெமிற்காரர் பயிர்செய்து நிபந்தனைகளை நிறைவேற்றி அளிப்புப் பத்திரம் பெற்ற பின்னும், நினைத்தபடி விற்கவோ துண்டாடவோ முடியாது. அளவிலும் பெரிய வித்தியாசம். அங்கே மானாவாரிப் புல்வெளி. இங்கே இரணைமடு போன்ற ஒரு குளத்தின் வாய்க்கால் தண்ணீர் எவ்வளவு தூரம் எட்டுமோ அவ்வளவுதான் வயல். இரு இடத்திலும் "வெறுங்காடு", "வெறும்வெளி" என்று எழுதுவது தவறு. அங்கே பழங்குடி மக்கள் வாழ்ந்தார்கள். இங்கே சிறுகுளங்களைச் சுற்றிப் பழைய வன்னிக் கிராமங்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன.

பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறோம். இடிக்க முன் என்ன பதிந்து வைக்கவேண்டும்?
*வாசகி, நெடுங்கேணி*

முதலில் பாதுகாப்பு. 2009க்குப் பிறகு ஆள் புழங்காத மூலை, மூடிய கிணறு, பழைய பதுங்குகுழி எதையும் நீங்களாகக் கிண்டாதீர்கள். உலோகப் பொருள் ஏதும் தெரிந்தால் தொடாமல், அடையாளம் வைத்து, வந்த வழியே திரும்பி, 119க்கு அறிவியுங்கள். பழைய செங்கல் கட்டடம், கல்வெட்டு, சிலை போன்றவை தென்பட்டாலும் கைவைக்க வேண்டாம். 1815 மார்ச் 2க்கு முந்தியவை தொல்பொருட் சட்டத்துக்கு உட்பட்டவை.

பிறகு நாடாவால் அளந்து நிலப்படம் கீறுங்கள்: அறை, விறாந்தை, குசினி, நெல் சேமிக்கும் கொம்பறை நின்ற இடம், கிணறு, மாட்டுக்காலை, படலை. மூலைக்கு மூலை குறுக்களவும் எடுங்கள், இல்லாவிட்டால் படம் கோணிப்போகும். மரத்தின் பெயரைக் குறியுங்கள். பாலை, முதிரைத் தூண்கள் உள்ளூர்க் காட்டு மரம்; பனைவளை போட்டிருந்தால் குடாநாட்டிலிருந்து ஏற்றி வந்ததா என்று கேளுங்கள். ஓட்டைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். மங்களூர் ஓட்டில் தொழிற்சாலையின் முத்திரை இருக்கும். அது ஓடு சுட்ட இடத்தைச் சொல்லும், வீடு கட்டிய ஆண்டைச் சொல்லாது. பழைய வீட்டு ஓட்டை வாங்கிப் போடுவது எங்கும் நடந்தது. வாசற்படி ஓரத்தில் நிலத்தைச் சிறிது பெயர்த்தால் சாணி மெழுகிய தளமும் அதற்குமேல் சீமெந்தும் அடுக்கடுக்காகத் தெரியும். அடுக்குகளை எண்ணிப் படமெடுங்கள்.

கிணற்றடியில் அதிகநேரம் நில்லுங்கள். கிணற்றுக்கட்டின் ஈரச் சீமெந்தில் கீறிய ஆண்டு பாசிக்கு அடியில் இருக்கலாம். தேங்காய்த் தும்பால் தேய்த்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுங்கள். துலாக்கால் நின்ற குழியும் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தைப் பூட்டிய நான்கு ஆணியுள்ள கொங்கிறீற்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். துலாவை விட்டு இயந்திரத்துக்கு மாறியது எப்போது என்று கேட்டு எழுதுங்கள். எத்தனை கன்று மிளகாய் நட முடிந்தது என்பதைத் தீர்மானித்தது அதுதான்.

பெமிற்றில் மூத்த மாமாவின் பெயர் மட்டும்தான். காணியில் பாடுபட்டது அம்மாவும் சித்திமாரும் சேர்ந்து. அதை எழுதினால் குடும்பத்துக்குள் பிரச்சினை வருமா?
*வாசகி, கனகராயன்குளம்*

எழுதுங்கள். பெமிற்காணிக்கு யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பொருந்தாது; பின்னுரித்து (வாரிசுரிமை) காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படியே போகும். பின்னுரித்தாளர் நியமிக்கப்படாத இடத்தில் ஆண்பிள்ளைக்கும் மூத்தவருக்கும் முதலிடம் கொடுத்த பழைய ஒழுங்கில், ஆண் பெண் வேறுபாடு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தோடுதான் நீங்கியது. ஆகவே ஒற்றைப் பெயர் சட்டத்தால் வந்தது, மாமா செய்த வஞ்சகமாக இருக்கவேண்டியதில்லை. வீட்டார் முன்னிலையில் இதை முதலில் விளக்கிவிட்டால் கோபம் பாதி தணியும்.

எழுதும்போது உரிமையையும் உழைப்பையும் வேறு வேறு தலைப்பில் வையுங்கள். உரிமைப் பகுதியில் தாளில் உள்ளதை மட்டும், இலக்கம் திகதியோடு எழுதுங்கள். உழைப்புப் பகுதியில் யார் எந்த ஆண்டுகளில் எந்தத் துண்டை நட்டார், யார் மாடு கறந்தார், யாருடைய நகை அடைவுக்குப் போய் இயந்திரம் வந்தது என்று ஒவ்வொருவர் பெயரோடும் எழுதுங்கள். சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்பதை ஒவ்வொரு பந்தியின் கீழும் குறித்து, அச்சுக்குக் கொடுக்க முன் மாமா வீட்டாருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.